தேங்க்ஸ்கிவிங் பாட்லக்: என்ன கொண்டுபோகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பாதி தாண்டியதும் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். யார் வீட்டில் கூடுகிறோம், யார் எதைக் கொண்டு வருகிறார்கள், போன வருஷம் மாதிரி நாலு பேர் எலுமிச்சை சாதம் கொண்டு வந்துவிட வேண்டாம். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும், அவற்றுக்கு என் பதில்களும் இங்கே. எட்டிலிருந்து இருபது பேர் வரை கூடும், ஆளுக்கொரு ஐட்டம் கொண்டு வரும் சாதாரண விருந்துதான், அதாவது பாட்லக்தான், கணக்கு. பீங்கான் தட்டும் மெழுகுவர்த்தியுமாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு இது உதவாது.

தேங்க்ஸ்கிவிங் குடும்பத்தோடு கொண்டாடுவது அல்லவா? நண்பர்கள் எப்படி இதில் வந்தார்கள்?

குடும்ப விழாதான். 1863-ல் ஆபிரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழக்கிழமையை நன்றி கூறும் நாளாக அறிவித்தார். நவம்பரின் நான்காவது வியாழன் என்று அது சட்டமானது 1941-ல். ஊரை விட்டு வேலைக்கும் படிப்புக்கும் போனவர்கள் எல்லோராலும் அந்த வாரம் வீட்டுக்குப் போக முடிவதில்லை. அப்படிப்பட்டவர்கள் நண்பர்களோடு கூடுவதற்கு ஃப்ரெண்ட்ஸ்கிவிங் என்றே பெயர் வந்துவிட்டது. அப்பா அம்மா எட்டாயிரம் மைல் தள்ளி இருக்கும் நமக்கு எல்லா வருஷமும் ஃப்ரெண்ட்ஸ்கிவிங்தான்.

வியாழனன்றே கூட வேண்டும் என்றும் இல்லை. வெள்ளியோ சனியோ வைத்தால் முதல் நாள் சமைக்க ஒரு முழு விடுமுறை நாள் கிடைக்கும். நான் எப்போதும் சனிக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

என்ன செய்வது என்று எப்படி முடிவெடுப்பது?

ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது ஆறிப்போனாலும் நன்றாக இருக்குமா? பாட்லக்கில் உங்கள் பதார்த்தம் அடுப்பிலிருந்து இறங்கி வாய்க்குப் போக மூன்று மணி நேரம் ஆகும். கட்டி, காரில் வைத்து, நாற்பது நிமிஷம் ஓட்டிப் போய், ஷூவைக் கழற்றி, எல்லோரையும் விசாரித்து, கடைசி ஜோடி வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் மூடியைத் திறப்பார்கள்.

தோசை, பூரி, பஜ்ஜி மூன்றும் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகின்றன. போய் அங்கே சுட்டுத் தருகிறேன் என்று சொல்பவர்களுக்கு நல்ல மனசு. ஆனால் அவர்கள் அன்று முழுக்க அடுப்படியில் நிற்பார்கள், வீட்டுக்காரம்மாவும் கூடவே நிற்க வேண்டியிருக்கும். மெதுவடையும் இரண்டு மணி நேரத்தில் மொறுமொறுப்பு போய்விடும். அதையே முதல் நாள் சுட்டுத் தயிரில் ஊறப்போட்டால் எல்லோரும் தேடி வந்து எடுக்கும் ஐட்டம். ஊற ஊறத்தான் அதற்கு ருசி. பயணமும் காத்திருப்பும் தயிர்வடைக்குக் கெடுதலே இல்லை.

ஒரு கரண்டி போட்டு எடுக்கும்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் நின்றுகொண்டோ மடியில் பேப்பர் தட்டு வைத்துக்கொண்டோதான் சாப்பிடுவார்கள். சாம்பாரும் ரசமும் அந்தத் தட்டில் ஓடும்.

கொண்டுபோய் அவர்கள் ஓவனில் சூடு பண்ணிக்கொள்ளலாமா?

அந்த வீட்டில் தேங்க்ஸ்கிவிங்கின் முக்கியப் பதார்த்தமான வான்கோழி உண்டு என்றால் ஓவன் காலியாக இருக்காது. 12 முதல் 14 பவுண்டு வான்கோழி, உள்ளே எதுவும் அடைக்காமல், 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வேக மூன்றிலிருந்து மூன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை ஓவன் பக்கம் போகாதீர்கள்.

ஆனால் ஒரு இடைவெளி உண்டு. வான்கோழியை வெளியே எடுத்த பிறகு உடனே வெட்ட மாட்டார்கள். இருபது, முப்பது நிமிஷம் அப்படியே விட வேண்டும். அப்போது ஓவன் சூடாக, காலியாக இருக்கும். பிரியாணி ட்ரேயோ மேக் அண்ட் சீஸ் என்கிற சீஸ் பாஸ்தாவோ ஃபாயில் மூடி உள்ளே போக வேண்டிய நேரம் அதுதான். விருந்து வைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி அந்த அரை மணி யாருக்கு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ட்ரேக்குமேல் இடம் இருக்காது.

அந்த வாரம் கடையில் மலிவாகக் குவிந்திருக்கும் காய்களில் நம் சமையலுக்கு எது ஒத்துவரும்?

ஏறக்குறைய எல்லாமே. இதைக் கவனித்துவிட்டால் தேங்க்ஸ்கிவிங் ஷாப்பிங்குக்கு இந்தியக் கடைவரை போகவே தேவையில்லை.

முதலில் கிரான்பெரி. அமெரிக்க மண்ணின் பழம். நாட்டின் விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வருகிறது. 12 அவுன்ஸ் பைகளில் புதிதாகக் கிடைக்கும். அமெரிக்கர்கள் அதில் சர்க்கரையைக் கொட்டி சாஸ் ஆக்குவார்கள். வாயில் போட்டுப் பார்த்தால் அதன் புளிப்பும் துவர்ப்பும் நமக்கு வேறு வேலை சொல்லும்: தொக்கு. ஒரு பைக்கு ஐந்தாறு மேஜைக்கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து, கடுகு வெடித்ததும் பழத்தைப் போட்டு மூடுங்கள். பட்பட்டென்று வெடித்துத் தானாகக் குழையும். மஞ்சள்தூள், இரண்டு மேஜைக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை டீஸ்பூன், கொட்டைப்பாக்களவு வெல்லம். எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளற இருபது நிமிஷம்கூட ஆகாது. பழத்திலேயே ஜாமை இறுகவைக்கும் பெக்டின் நிறைய இருப்பதால் ஆறினதும் இறுகிக்கொள்ளும். புளி சேர்க்க வேண்டாம். ஒரு வாரம் முன்பே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தயிர் சாதத்துக்கும் தொட்டுக்கொள்ளலாம், வான்கோழிக்கும் தொட்டுக்கொள்ளலாம். இரண்டையும் இணைக்கும் வேறு பதார்த்தம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து பீன்ஸ். அமெரிக்க மேஜையில் கிரீன் பீன் கேசரோல் (ஓவனில் சுடும் பீன்ஸ் பதார்த்தம்) இல்லாமல் இருக்காது. 1955-ல் நியூஜெர்சியின் கேம்டனில் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையல்கூடத்தில் டார்கஸ் ரெய்லி என்பவர் தலைமையில் உருவானது. காளான் சூப் டின், பீன்ஸ், மேலே பொரித்த வெங்காயம், அவ்வளவுதான். அதே பீன்ஸில் நாம் பருப்பு உசிலி செய்யலாம். பன்னிரண்டு பேருக்கு இரண்டு பவுண்டு பீன்ஸ், ஒரு கப் துவரம்பருப்பு, கால் கப் கடலைப்பருப்பு, ஆறு மிளகாய் வற்றல். பருப்பை ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து, கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் பன்னிரண்டு நிமிஷம் வேகவைத்து, ஆறியதும் உதிர்த்து, தாராளமாக எண்ணெய் விட்டுப் பொலபொலவென்று வறுக்க வேண்டும். எண்ணெயில் கஞ்சம் பிடித்தால் உசிலி தொண்டையில் அடைக்கும். நறுக்க நேரமில்லை என்றால் ஃப்ரோசன் பீன்ஸ் போதும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சக்கரவள்ளிக்கிழங்குக்கு வேலையே இல்லை. தோலோடு துண்டு போட்டு, நல்லெண்ணெய் புரட்டி, 425 டிகிரியில் அரை மணி நேரம் ஓவனில் வைத்து எடுத்து, சூட்டோடு இட்லிப் பொடி தூவிக் குலுக்குங்கள். தட்டில் அடைக்காமல் பரப்பி வையுங்கள்; நெருக்கினால் வறுபடாது, அவியும்.

குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் பிடிக்காதவர்கள் பெரும்பாலும் அதை அதிகம் வேகவைத்துச் சாப்பிட்டவர்கள். கந்தக நாற்றம் வருவது அதனால்தான். முட்டைக்கோஸ் பொரியலுக்கு நறுக்குகிற மாதிரி மெல்லிசாகச் சீவி, தாளித்து, ஐந்தே நிமிஷம் வதக்கி, தேங்காய்த் துருவல் போட்டு இறக்கிவிடுங்கள்.

பம்ப்கின் டின்னில் அல்வா செய்யலாமா?

செய்யலாம், நன்றாக வரும். டின்னில் இருப்பது முகம் செதுக்கி வாசலில் வைக்கிற ஆரஞ்சுப் பூசணி இல்லை. பெரும்பாலும் டிக்கின்சன் என்கிற வெளிர்பழுப்பு ரகம். தாவரக் குடும்பத்தில் அது நம்ம ஊர்ப் பரங்கிக்காய்க்கும் பட்டர்நட் ஸ்குவாஷுக்கும் சொந்தம். செதுக்குகிற பூசணியில் செய்தால் தண்ணீராக, சப்பென்று வரும்.

வாங்கும்போது லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பம்ப்கின் ப்யூரே என்று இருக்க வேண்டும். பக்கத்திலேயே அதே நிற டின்னில் பம்ப்கின் பை (pie) என்கிற பூசணி இனிப்புக்கான ஃபில்லிங் இருக்கும். அதில் சர்க்கரையும் பட்டை கிராம்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். 15 அவுன்ஸ் டின் ஒன்றுக்கு முக்கால் கப் சர்க்கரை, கால் கப்புக்குக் குறையாமல் நெய். முதலில் கொஞ்சம் நெய்யில் ப்யூரேயை மட்டும் பத்து நிமிஷம் வதக்குங்கள், பச்சை வாடை போனால்தான் சர்க்கரை. ஒட்டாமல் சுருண்டு வந்ததும் ஏலக்காய், முந்திரி. பன்னிரண்டு பேருக்கு இரண்டு டின்.

எத்தனை பேருக்கு எவ்வளவு?

எட்டு வகை மேஜையில் இருந்தால் ஒவ்வொருவரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுப்பார்கள். ஆளுக்கு அரை கப் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேருக்கு ஆறு கப், இரண்டாம் முறை எடுப்பவர்களுக்கு இரண்டு கப். மொத்தம் எட்டு கப். சாதமென்றால் மூன்று கப் பச்சரிசி போட்டால் ஒன்பது கப் வரும், சரியாக இருக்கும். இங்கே கப் என்பது 240 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் குவளை 180 மில்லிதான். அதில் அளந்தால் நாலு போட வேண்டும்.

கூட்டம் இருபது பேர் என்றாலும் இருபது பேருக்கும் வேண்டிய அளவில் எல்லா வகையும் செய்யாதீர்கள். வகை கூடக்கூட ஒவ்வொன்றும் குறைவாகத்தான் போகும். நம்மவர்களுக்கு இது மட்டும் மண்டையில் ஏறுவதே இல்லை. பத்தாமல் போய்விட்டால் மானம் போய்விடும் என்று அண்டாவில் சமைத்து, திரும்பிப் போகும்போது முக்கால் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போவோம்.

கலந்த சாதத்தில் எது நல்லது?

புளியோதரை. சந்தேகமே வேண்டாம். புளிக்காய்ச்சலை முந்தின வாரமே செய்து வைக்கலாம், சாதத்தில் கலந்து ஐந்தாறு மணி நேரம் ஆன பிறகுதான் புளியும் உப்பும் உள்ளே இறங்கும். நல்லெண்ணெய் தாராளமாக விடுங்கள், ஆறினாலும் விறைக்காது. ஒன்று மட்டும்: அலுமினிய ட்ரேயில் இரவு முழுக்க வைக்காதீர்கள். புளி அலுமினியத்தை அரிக்கும், சாதத்தில் இரும்பு வாடை மாதிரி ஒன்று ஏறும். கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்திருந்து, கிளம்பும்போது ட்ரேயில் பார்ச்மென்ட் பேப்பர் விரித்து மாற்றுங்கள். தக்காளித் தொக்குக்கும் இதே கதைதான்.

எலுமிச்சை சாதம் இரண்டாமிடம். தயிர் சாதம் கொண்டுபோவதானால் குழையப் பிசைந்து பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் விடுங்கள். அங்கே போய்ச் சேரும்போது புளிக்காமல் இருக்கும். மேலே மாதுளை முத்து. கலிபோர்னியா மாதுளை அக்டோபரிலிருந்து ஜனவரிவரை நன்றாகக் கிடைக்கும். தயிர் சாதம் ஐஸ் பெட்டியில் போய், பரிமாறும்போதுதான் வெளியே வர வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் அமெரிக்க ஐட்டங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

கண்ணுக்குக் கறி தெரியாத இடங்களில்தான் கறி ஒளிந்திருக்கும். ஸ்டஃபிங் ரொட்டித் துண்டுதான், ஆனால் பெரும்பாலும் கோழி எலும்பு வடித்த தண்ணீரில் ஊறியது. கிரேவி வான்கோழியிலிருந்து சொட்டிய கொழுப்பில் செய்தது. சக்கரவள்ளிக்கிழங்கு கேசரோலின் மேலே உருகியிருக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது. சில பை (pie) மாவு ஓடுகளில் பன்றிக்கொழுப்பு இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுவதில் தப்பில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. தேங்க்ஸ்கிவிங் வருவது கார்த்திகை மாதத்தில். ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் நண்பர்கள் குழுவில் ஒருவராவது இருப்பார். பலர் வெளியே சாப்பிடவே மாட்டார்கள். வந்தாலும் வெங்காயம் பூண்டு தொடாதவர்கள் உண்டு. அவரிடமே முன்னால் கேட்டுவிடுங்கள். மேஜையின் ஒரு பக்கத்தை முழுக்கச் சைவத்துக்கு ஒதுக்கி, ஒவ்வொரு ட்ரேக்கும் தனிக் கரண்டி போட்டுவிட்டால் பாதிச் சங்கடம் தீரும். கரண்டிகளைக் கொண்டுவரும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். எல்லோரும் ட்ரே கொண்டு வருவார்கள், கரண்டி கொண்டுவர மறப்பார்கள்.

அலர்ஜி இருப்பவர்களுக்கு?

வேர்க்கடலை, முந்திரி எதில் இருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ட்ரேயில் ஒட்டிவிடுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கடலைதானே என்று கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்குத் தைரியமாகச் சுண்டலை நீட்டிவிடக் கூடாது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. வீகன் நண்பர் வந்தால் நெய் ஊற்றியதைச் சொல்லிவிடுங்கள்; அவர்களுக்கு நெய்யும் பால்தான்.

அமெரிக்க நண்பர்கள் வருகிறார்கள். காரத்தைக் குறைக்க வேண்டுமா?

ஒன்றிரண்டில் மட்டும். எல்லாவற்றிலும் குறைத்தால் யாருக்கும் பிடிக்காத மேஜையாகிவிடும். காரமானதில் காரம் என்று எழுதி வையுங்கள், பிடித்தவர்கள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். தாளிப்பில் கிடக்கும் முழு மிளகாயை மட்டும் பொறுக்கிவிடுங்கள்.

வான்கோழியை நாமே செய்துதான் ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆசைப்பட்டால் செய்யுங்கள், ஆனால் கணக்கோடு. உறைந்த பறவை ஃப்ரிட்ஜில் இளக ஒவ்வொரு நாலைந்து பவுண்டுக்கும் ஒரு முழு நாள் வேண்டும். 14 பவுண்டு என்றால் மூன்று, நாலு நாள். வியாழன் சமையலுக்கு புதன் ராத்திரி வெளியே எடுத்து வைத்தால் நடக்காது. தொடையின் உட்பக்கத்திலும் மார்பின் தடித்த இடத்திலும் தெர்மாமீட்டர் 165 டிகிரி காட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு பவுண்டு, மிச்சம் வேண்டுமானால் ஒன்றரை.

எட்டு பேருக்கு நான் பரிந்துரைப்பது எலும்பில்லாத கோழித் தொடையில் மிளகு வறுவல். தொடைக்கறி மறுபடி சூடாக்கினாலும் வறண்டு போகாது. மார்புக்கறி போகும்.

சாப்பாட்டை மேஜையில் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

இரண்டு மணி நேரம். 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரையான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வீட்டுக்குள் மேஜையில் இருப்பதெல்லாம் அந்தச் சூட்டில்தான். சாதத்தை நாம் சாதாரணமாக நினைக்கிறோம், ஆனால் வேகவைத்தும் சாகாத வித்துகள் அரிசியில் உண்டு. வெதுவெதுப்பாக வெகுநேரம் கிடந்தால் அவை பெருகி வயிற்றைக் கெடுக்கும். முதல் நாளே சமைத்தால் அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

க்ராக்பாட் என்கிற மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் வைத்தால் நாலு மணி நேரம்கூடச் சூடாக இருக்கும். ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே அதில் போடாதீர்கள். அது மெதுவாகச் சூடேறும். அடுப்பில் கொதிக்கவைத்து மாற்றுங்கள்.

தாளித்தால் ஸ்மோக் அலாரம் அடிக்கிறதே?

அமெரிக்காவில் சமையலறைத் தீ விபத்துகள் மிக அதிகம் நடக்கும் நாள் தேங்க்ஸ்கிவிங்தான். அதனால் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றும் யோசனை வேண்டாம். தாளிப்பை உங்கள் வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

அலாரத்தைவிட அடிக்கடி நடப்பது ஃப்யூஸ் போவது. சமையல் மேடை ப்ளக்குகள் வழக்கமாக 20 ஆம்ப் லைனில் இருக்கும், அதாவது 2400 வாட். ஆளுக்கொரு இன்ஸ்டன்ட் பாட் என்கிற மின்சாரக் குக்கரைக் கொண்டு வந்து இரண்டை ஒரே பக்கம் செருகி, மூன்றாமவர் மைக்ரோவேவை ஓட்டினால் ஃப்யூஸ் போய்விடும். சூட்டோடு வந்ததை, சூடு மட்டும் காக்கும் கீப் வார்மில் போட்டால் பிரச்சினையில்லை.

எனக்குச் சமைக்கவே தெரியாது. நான் என்ன கொண்டுபோவது?

நாலு டின் கொண்டைக்கடலை வாங்கி, தண்ணீரை வடித்து, கழுவி, கடுகு மிளகாய் கறிவேப்பிலை தாளித்துப் போட்டு, ஃப்ரோசன் தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்தால் சுண்டல். பதினைந்து நிமிஷம். தேங்காயைக் கிளம்பும் முன் சேருங்கள்.

அதுவும் முடியாதென்றால் ஆப்பிள் சைடர் ஒரு கேலன். அமெரிக்காவில் சைடர் என்றால் வடிகட்டாத ஆப்பிள் சாறு, போதை கிடையாது. பட்டை, கிராம்பு, தட்டிய சுக்கு போட்டு க்ராக்பாட்டில் சூடாக்கினால் வீடு முழுக்க மணக்கும். இல்லை, காஸ்ட்கோவிலிருந்து ஒரு பெரிய பம்ப்கின் பை. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதில் முட்டையும் பாலும் இருப்பதால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

மிச்சத்தை என்ன செய்வது?

காலி டப்பாக்களைக் கொண்டுவரச் சொல்லி அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். விருந்து வைத்தவர் தலையில் ஒன்பது ட்ரேயைக் கட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று, நாலு நாளைக்குள் தீர்க்க வேண்டும்.

வான்கோழி மிஞ்சினால் சாண்ட்விச்சில் வீணாக்காதீர்கள். நம் ஊரில் வான்கோழி பிரியாணி போடும் கடைகளே உண்டு. ஆனால் ஏற்கெனவே வெந்த கறிக்கு பிரியாணியைவிடக் கொத்து பரோட்டாதான் பொருத்தம். ஃப்ரோசன் பரோட்டா நாலு சுட்டுப் பிய்த்துப் போட்டு, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கரம் மசாலா வதக்கி, உதிர்த்த கறியைச் சேர்த்து, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கொத்துங்கள். மிஞ்சிய கிரேவி இருந்தால் சால்னாவுக்குப் பதிலாக அதையே ஒரு கரண்டி விடலாம், மிளகுத்தூள் மட்டும் தூக்கலாக.